வராதவரும் புள்ளிதான்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒரே ஒரு வரி கேட்டிருந்தேன். உங்கள் ஊரில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் யாராவது தொடர்ந்து திட்டம் நடத்தினால், அதனால் நோயாளிக்கு நிஜமாகவே நன்மை உண்டாகிறதா என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? வழக்கமாக நாலு கடிதம் வரும். இந்தத் தடவை மேஜை நிறைந்துவிட்டது. செட்டிநாட்டுப் பக்கம் கணக்கைப் பற்றிக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா, என் தப்புதான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். கவுனி அரிசிக் கடிதங்களை மட்டும் தனியாகக் கட்டிக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

*கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகர்: டாக்டர் ஐயா, எங்கள் அறக்கட்டளை சார்பில் ஒரு வருடமாக மாதம் ஒரு நாள் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறோம். பதிவு செய்தவர்கள் 240 பேர். போன மூன்று மாதத்தில் ஒரு தடவையாவது வந்தவர்கள் 110. அதில் 84 பேருக்கு 140/90க்குக் கீழே இருக்கிறது. ஆண்டு மலரில் '76 சதவீதம் வெற்றி' என்று போடப் போகிறோம். சரிதானே?*

மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றால் அந்த எண்ணை எடுத்துவிடுங்கள். போய்விட்டது என்றால் ஒரு திருத்தச் சீட்டு அடித்து உள்ளே செருகுங்கள். உங்கள் திட்டத்தின் எண் 76 இல்லை, 35.

கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். கோயில் வரிக்காகப் புள்ளி, அதாவது குடும்பம், எண்ணும்போது எப்படி எண்ணுவீர்கள்? கல்யாணமானால் ஒரு புள்ளி. அவர் பினாங்கில் இருந்தாலும் சரி, சென்னையில் இருந்தாலும் சரி, பத்து வருடமாக ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்காவிட்டாலும் சரி, ஏட்டில் பெயர் உண்டு, வரியும் உண்டு. அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு 'எல்லாரும் வரி கட்டிவிட்டார்கள்' என்று எழுதினால் விடுவீர்களா? உங்கள் திட்டத்தில் புள்ளி 240. 84ஐ 240ஆல் வகுத்தால் 35 சதவீதம். புள்ளிவிவரம் என்ற சொல்லிலேயே புள்ளி இருக்கிறது, அதை நம் ஊர்க்காரர்களே மறக்கலாமா?

வராத 130 பேரிலும் நன்றாக இருப்பவர்கள் உண்டே என்பீர்கள். உண்டுதான். மகன் வீட்டோடு கோயம்புத்தூர் போய் அங்கே மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர் ஒருத்தராவது இருப்பார். ஆனால் அதற்கு உங்கள் கையில் சான்று இல்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, போனவர்கள், தகவலே இல்லாத பாக்கியை 'நல்ல மனுஷர், கட்டியிருப்பார்' என்று வரவில் எழுதவில்லை, நிலுவையில்தான் வைத்தார்கள். தெரியாததை நல்ல பக்கத்தில் சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

இப்படி எண்ணுவதை மருத்துவத்தில் ஊன்றியவர்கள் காசநோய்த் திட்டக்காரர்கள். ஒரு காலாண்டில் சிகிச்சை தொடங்கிய அத்தனை பேரையும் ஒரே கட்டாக எழுதிக்கொண்டு, முடிவில் குணமானவர், மருந்து பலிக்காதவர், இறந்தவர், நடுவில் விட்டுப்போனவர் என்று ஒருத்தர் மிச்சமில்லாமல் கணக்குச் சொல்ல வேண்டும். 2017இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி பிரஷருக்கும் இதே வழியைத்தான் எடுத்துக்கொண்டது. பதிவானவர்கள் கீழே, அண்மையில் வந்து அளந்தபோது 140/90க்குக் கீழே இருந்தவர்கள் மட்டும் மேலே. வராதவர் தனிக் கட்டத்தில் விழுவாரே தவிர ஏட்டைவிட்டு மாயமாக மாட்டார்.

இதில் உங்களுக்கு லாபமும் இருக்கிறது. 76 என்று போட்டுக்கொண்டு திருப்தியாக இருந்திருந்தால் அடுத்த வருடம் என்ன செய்வது என்றே தெரிந்திருக்காது. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது: வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கட்டுக்குள் இருக்கிறது, ஆகவே மருந்தில் பெரிய குறை இல்லை. குறை வருகையில். விலை கூடின மாத்திரைக்குப் போகாமல், போன் பண்ணவும் வீட்டுக்குப் போகவும் ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வையுங்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல வருடம் முன்பு நானே ஒரு திட்டத்தை மேற்பார்வை பார்த்தபோது, ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று இதைவிடப் பெரிய எண்ணைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அப்புறம் ஒரு நாள் ஏட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் அடித்த பெயர்கள். உதவிக்கு இருந்த பையன், மூன்று மாதம் வராதவர்களை அடித்துவிடுகிறான். ஏன்டா தம்பி என்றால், 'ஏடு பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்றுதான் சார்' என்றான். அவனைச் சொல்லி என்ன, நான் பார்க்கவில்லை. அடித்த பெயர்களை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். ஒருவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். இன்னொருவருடைய படத்துக்கு மாலை போட்டிருந்தது. அன்றிலிருந்து எங்கே போனாலும் முதலில் சிவப்பு மை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். இறந்தவரையும் அடிக்காதீர்கள் ஐயா. 'இறந்தார்' என்று தேதியோடு எழுதுங்கள், முடிந்தால் எதனால் என்றும்.

*தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி: என் மாமியாருக்கு 81 வயது. மூன்று மாதச் சர்க்கரை அளவு 8.3இலிருந்து 6.4க்கு இறங்கிவிட்டது என்று பரிசோதித்த இடத்தில் பாராட்டினார்கள். ஆனால் ஆச்சி விடியற்காலையில் வேர்த்து நனைகிறார், சில நேரம் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், போன வாரம் வளவில் விழுந்தும்விட்டார். எண் இவ்வளவு நன்றாக இருக்கும்போது ஆளுக்கு ஏன் இப்படி?*

அம்மா, இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும். நீங்கள் சொல்வதைக் கேட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குகிறது என்றுதான் சந்தேகம். வேர்க்கும்போது உடனே விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, ஆச்சிக்கு விழுங்கும் நினைவும் இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தவறியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். மருந்தை நீங்களாக மாற்ற வேண்டாம், ஆனால் அன்றைக்கே டாக்டரைப் பார்த்து மாத்திரையைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

இனி எண்ணுக்கு வருவோம். ஹெச்பிஏ1சி என்கிற அந்தச் சோதனை, ரத்தச் சிவப்பணுவில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள், அதனால் கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரி தெரிகிறது. முகாமுக்கு முன்னால் இரண்டு நாள் பணியாரத்தைத் தொடாமல் இருந்து வெறும் வயிற்றுச் சர்க்கரையை ஏமாற்றுகிற சாமர்த்தியம் இதனிடம் பலிக்காது, அதனால் எனக்கும் பிடித்த சோதனைதான். ஆனால் சராசரி என்பது சராசரி. ராத்திரி 50, மத்தியானம் 220 என்று ஊஞ்சல் ஆடினாலும் நடுவில் ஒரு அழகான எண் வரும். ரத்தச்சோகை, அண்மையில் ரத்தம் ஏற்றியது, சிறுநீரகக் கோளாறு இதெல்லாம் அந்த எண்ணை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இழுத்துவிடும்.

எண்ணைக் குறைத்தால் ஆள் பிழைத்துவிடுவார் என்று பெரிய டாக்டர்களே நம்பி ஏமாந்த கதை ஒன்று உண்டு. அக்கார்ட் என்ற அமெரிக்க–கனடா ஆய்வில் இதயநோய் அபாயம் கூடுதலாக இருந்த 10,251 சர்க்கரை நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு 6க்குக் கீழே கொண்டுவரத் தீவிரமான மருந்து, இன்னொரு பாதிக்கு 7க்கும் 7.9க்கும் இடையில் இருந்தால் போதும் என்று. எண் சொன்னபடி கேட்டது, தீவிரக் கூட்டத்தில் 6.4 வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் 2008 பிப்ரவரியில் அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள், காரணம் அந்தப் பக்கம் 257 பேர் இறந்திருந்தார்கள், இந்தப் பக்கம் 203 பேர். எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அதை மாபெரும் வெற்றி என்று எழுதியிருப்பார்கள்.

அதனால் 80 தாண்டியவருக்கு, தனக்கென்று வேறு நோய்களும் உள்ளவருக்கு, 8க்குக் கீழே இருந்தால் போதும் என்பதுதான் இன்றைய பொதுவான கருத்து. சில பேருக்கு அந்த எண்ணையும் விட்டுவிட்டு, தாழ்சர்க்கரை வராமல் இருக்கிறாரா, தாகம், அடிக்கடி சிறுநீர் என்று அவதிப்படாமல் இருக்கிறாரா என்று மட்டும் பார்ப்பார்கள். திட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 7க்குக் கீழே எத்தனை பேர் என்று எழுதுகிற அதே பக்கத்தில், 'இந்த மூன்று மாதத்தில் வேர்த்து மயங்கியவர்கள், விழுந்தவர்கள்' என்று ஒரு கட்டம் போடுங்கள். வீட்டில் உள்ள பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். நாம் கேட்பதில்லை.

*காரைக்குடியில் புள்ளியியல் படிக்கும் ஒரு தம்பி: எங்கள் கல்லூரி முகாமில் பிரஷர் 160க்கு மேல் இருந்தவர்களை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டு, உப்பைக் குறைக்கச் சொல்லி ஒரு நோட்டீசும் கொடுத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னோம். மருந்து யாருக்கும் ஆரம்பிக்கவில்லை. வந்தபோது சராசரி 14 குறைந்திருந்தது. நோட்டீசுக்கு இவ்வளவு சக்தியா சார்?*

தம்பி, பதில் உனக்கே தெரியும், என் வாயால் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். சரி, சொல்கிறேன்.

பிரஷர் ஒரு நிமிடம் இருந்த மாதிரி அடுத்த நிமிடம் இருக்காது. வெயிலில் நடந்து வந்தவர், வரிசையில் நின்று எரிச்சலானவர், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர், அன்றைக்கு மட்டும் 165. அன்றைக்கு உச்சத்தில் இருந்தவர்களாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மறுபடி அளந்தால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் சராசரி இறங்கத்தான் செய்யும். பிரான்சிஸ் கால்டன் 1886இலேயே பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் வைத்து இதைக் காட்டிவிட்டார். மிக உயரமானவரின் பிள்ளைகள் சராசரியாக அவரைவிடச் சற்றுக் குட்டை. நடுவை நோக்கித் திரும்புதல். உன் நோட்டீசும் ஏதோ கொஞ்சம் வேலை செய்திருக்கலாம், எவ்வளவு என்று இந்தக் கணக்கில் தெரியாது.

இது மாணவர்கள் மட்டும் விழும் குழி இல்லை. அமெரிக்காவில் நியூஜெர்சியில் காம்டன் என்று ஒரு ஊர். அடிக்கடி ஆஸ்பத்திரியில் சேருகிற, பல நாள்பட்ட நோய் உள்ளவர்களைத் தேடிப் பிடித்து, வீட்டுக்கே செவிலியர் போய், மருந்து, சமூக உதவி எல்லாம் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் திட்டம். சேர்ந்தவர்களை முன்னும் பின்னும் ஒப்பிட்டால், அடுத்த ஆறு மாதத்தில் ஆஸ்பத்திரிச் சேர்க்கை 38 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. நாடே பாராட்டியது. அவர்களைப் பாராட்ட வேண்டியது வேறு காரணத்துக்கு: தங்கள் திட்டத்தையே சோதனைக்கு விட ஒப்புக்கொண்டார்கள். 800 பேரைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். முடிவு 2020 ஜனவரியில் வந்தது. 180 நாளுக்குள் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள், திட்டத்தில் இருந்தவர்களில் 62.3 சதவீதம், இல்லாதவர்களில் 61.7. திட்டத்தில் சேராதவர்களுக்கும் அதே மாதிரி இறங்கியிருந்தது, ஏனென்றால் இரண்டு கூட்டமுமே அவர்களுடைய மிக மோசமான நேரத்தில் பிடிக்கப்பட்டவர்கள்.

உங்கள் முகாமுக்கு நான் சொல்வது இதுதான். இரண்டு வெவ்வேறு நாள் அளந்தபிறகு பதிவு செய்யுங்கள், முதல் நாள் அளவைத் தொடக்க எண்ணாக வைக்காதீர்கள். மிக அதிகமாக, 180/110க்கு மேல் இருப்பவரை மட்டும் காத்திருக்க வைக்காமல் உடனே டாக்டரிடம் அனுப்புங்கள். ஒப்பிட இன்னொரு கூட்டம் வேண்டும் என்றால் யாருக்கும் மருந்தை மறுக்க வேண்டியதில்லை. எல்லா ஊருக்கும் மருந்து ஒன்றே, போன் பண்ணி நினைவூட்டும் வேலையை மட்டும் சீட்டுக் குலுக்கி, பாதி ஊர்களில் இப்போதும் மீதி ஊர்களில் ஆறு மாதம் கழித்தும் தொடங்குங்கள். எப்படியும் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் போக உங்களிடம் ஆள் இருக்காது. அந்த இல்லாமையையே சோதனையாக்கிக்கொள்ளலாம்.

*புதுவயலிலிருந்து ஒரு செவிலியர்: நான் புதிதாகச் சேர்ந்த இடத்தில் பழைய ஏட்டைப் பார்த்தால் 130/80, 130/80, 140/90, 130/80 என்றே போகிறது. எனக்கு மட்டும்தான் 137, 142 என்று வருகிறதா?*

உங்களுக்குத்தான் அம்மா சரியாக வருகிறது. டிஜிட்டல் கருவியில் கடைசி இலக்கம் 0 என்பது பத்தில் ஒரு தடவை வரலாம். பழைய பாதரசக் கருவியில் கோடுகள் இரண்டு இரண்டாக இருப்பதால் ஐந்தில் ஒரு தடவை. பக்கம் முழுக்க 0 என்றால் யாரோ கண்ணால் மதிப்புப் போட்டிருக்கிறார்கள், அல்லது பட்டையைச் சுற்றவே இல்லை. ஒரு ஏட்டை நம்பலாமா என்று பார்க்க எனக்குத் தெரிந்த மிகச் சுலபமான வழி இதுதான்: நூறு அளவை எடுத்து எத்தனை 0 என்று எண்ணுங்கள். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அளக்கும் முறையை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் முகாம்களில் நடப்பதைப் பார்த்தால் ஒரு தடவை எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது. ஐந்து நிமிடம் உட்காரட்டும், முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல். கை தொங்கினால் கூடுதலாகக் காட்டும், பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினாலும் கூடும், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் கூடும். முக்கியமாகப் பேசக் கூடாது. நம் ஊரில் பிரஷர் பார்க்கும்போதுதான் 'பொண்ணுக்கு இடம் பார்த்தாச்சா' என்று கேட்போம்.

*பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகர்: சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பிதான் எங்கள் திட்டத்துக்குப் பணம் அனுப்புகிறான். 'எத்தனை முகாம், எத்தனை மாத்திரை என்பதெல்லாம் வேண்டாம் அண்ணே, எத்தனை உயிர், எத்தனை கால் காப்பாற்றினீர்கள் என்று மட்டும் எழுதுங்கள், அதற்கேற்ப அனுப்புகிறேன்' என்கிறான். எங்கள் திட்டத்தில் 300 பேர்கூட இல்லை. நான் என்ன எழுதுவது?*

உங்கள் தம்பி கேட்பதில் பாதி ரொம்ப சரி, பாதி தப்பு.

சரியான பாதி இது. முகாம் எண்ணிக்கை, மாத்திரை எண்ணிக்கை எல்லாம் அன்றாடச் சிட்டை. எவ்வளவு போயிற்று என்று தெரியும். கடை நிலைத்திருக்கிறதா, முழுகுகிறதா என்று பார்க்க ஐந்தொகை, அதாவது சொத்தும் கடனும் சேர்த்த மொத்தக் கணக்கு, போட வேண்டும். நிறையத் திட்டங்களின் ஆண்டறிக்கையைப் பார்த்தால் சிட்டையை மட்டும் வழவழத் தாளில் அச்சடித்திருப்பார்கள், நடுவில் குத்துவிளக்கு ஏற்றும் படம். அதைப் பார்த்து அவருக்கு எரிச்சல் வந்திருந்தால் எனக்கும் அதே எரிச்சல்தான்.

இனித் தப்பான பாதி. 300 பேரில் ஒரு வருடத்தில் கால் எடுக்க நேர்வது ஒருவருக்கோ இருவருக்கோ இருக்கும், சில வருடம் யாருக்கும் இருக்காது. போன வருடம் இரண்டு, இந்த வருடம் ஒன்று என்றால் 'பாதியாகக் குறைத்துவிட்டோம்' என்று எழுதலாம், அடுத்த வருடம் மூன்று ஆனால் என்ன எழுதுவீர்கள்? சின்ன எண்கள் தற்செயலாகவே மேலும் கீழும் துள்ளும். தவிர, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்ததன் பலன் வர வருடக்கணக்காகும். யூகேபிடிஎஸ் என்று பிரிட்டனில் ஒரு ஆய்வு. 1977இல் ஆள் சேர்க்கத் தொடங்கி முடிவு சொன்னது 1998இல். ஹெச்பிஏ1சி ஒரு பக்கம் 7.0, இன்னொரு பக்கம் 7.9 என்று பத்து வருடம் இருந்த பிறகு, கண், சிறுநீரகம் போன்ற நுண்ணிய ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. மாரடைப்பும் சாவும் குறைந்தது, இன்னும் பத்து வருடம் அதே ஆட்களைப் பின்தொடர்ந்தபோதுதான் தெளிவாகத் தெரிந்தது. உங்கள் தம்பி அடுத்த தைப்பூசத்துக்குள் உயிர்க் கணக்குக் கேட்கிறார்.

அப்போது நடுவில் ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான், ஆனால் அந்த எண்ணுக்கும் உயிருக்கும் உள்ள முடிச்சு ஏற்கெனவே வேறு யாராவது பெரிய அளவில் சோதித்து உறுதி செய்ததாக இருக்க வேண்டும். பிரஷர் அப்படிப்பட்டது. 123 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2016இல் வந்த தொகுப்பின்படி, மேல் அளவு 10 குறைந்தால் பக்கவாதம் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலாகக் குறைகிறது. ஆகவே 'பதிவானவர்களில் இத்தனை பேருக்குப் பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது' என்று நீங்கள் நேர்மையாக எழுதினாலே அதற்குள் உயிர்க் கணக்கு இருக்கிறது. சர்க்கரைக்கு, 7க்குக் கீழே எத்தனை என்பதைவிட 9க்கு மேலே எத்தனை பேர் மிச்சம் என்று எழுதுங்கள். ஆபத்து அங்கேதான் குவிந்திருக்கிறது, அங்கேதான் உழைப்பும் போக வேண்டும். 7.2ஐ 6.9 ஆக்கிப் பெயர் வாங்குவது சுலபம், 11ஐ 9 ஆக்குவதற்குத்தான் ஆள் வேண்டும். கால் புண் வந்தவர்கள், ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள், இறந்தவர்கள் இவர்களையும் எழுதுங்கள், சதவீதம் போடாமல், ஒவ்வொருவரும் என்ன ஆனார் என்று இரண்டு வரி.

'அதற்கேற்ப அனுப்புகிறேன்' என்கிறாரே, அதைத்தான் முதலில் மாற்றச் சொல்லுங்கள். எண்ணுக்குப் பணம் என்று ஆகிவிட்டால் எண் நன்றாகிவிடும், நோயாளி நன்றாவாரா என்பது வேறு விஷயம். லேசான பிரஷர்காரர்களாகப் பார்த்துச் சேர்ப்பார்கள், கஷ்டமானவரை 'நீங்க பெரிய ஆஸ்பத்திரியிலேயே பாருங்க' என்று அனுப்பிவிடுவார்கள். பிரிட்டனில் 2004இல் குடும்ப மருத்துவர்களுக்கு இப்படித் தர எண்களுக்குப் பணம் கொடுக்கும் முறை வந்தபோது, பொருந்தாத நோயாளியைக் கணக்கிலிருந்து விலக்கிக்கொள்ள விதியே வைத்திருந்தார்கள். விதி நியாயமானதுதான், மரணப் படுக்கையில் இருப்பவரின் கொழுப்பை அளந்து என்ன ஆகப்போகிறது. ஆனாலும் அந்த வாசலில் எப்போதும் ஒரு கண் தேவைப்பட்டது.

பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்று ஒரு அறுவை மருத்துவர் இருந்தார். ஒவ்வொரு நோயாளியும் ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறார் என்று தேடிப்போய்ப் பார்த்து அட்டையில் எழுத வேண்டும் என்பது அவர் பிடிவாதம். பெரிய ஆஸ்பத்திரியில் எடுபடவில்லை. தன் சின்ன ஆஸ்பத்திரியில் 1911 முதல் 1916 வரை பார்த்த 337 பேரின் முடிவையும் அச்சிட்டார், அதில் 123 தவறுகள் என்று தானே வகைபிரித்துப் போட்டார். சக மருத்துவர்களுக்கு அவரைப் பிடிக்காமல் போனதில் ஆச்சரியமில்லை. உங்கள் தம்பிக்கு அனுப்பும் கடிதத்தில் தவறுகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதைப் படித்தபிறகும் பணம் வந்தால், அவர் திட்டத்தை நம்பிப் பணம் அனுப்புகிறார் என்று அர்த்தம்.

*குன்றக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தன்னார்வலர்: வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கிறேன். வாங்கிக்கொள்கிறார்கள். சாப்பிடுகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கூடவே, நான் வேறு எதையாவது பார்த்து எழுத வேண்டுமா?*

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வந்தபிறகு, மாத்திரைக்காகப் பஸ் பிடிக்கும் அலைச்சல் குறைந்திருக்கிறது, அதற்கு உங்களைப் போன்ற பெண்களின் கால்தான் காரணம். ஆனால் நீங்கள் கேட்டதுதான் அடுத்த படி. கொடுத்த மாத்திரையும் விழுங்கிய மாத்திரையும் ஒன்றல்ல. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வில், வீட்டில் வைத்து மருந்து கொடுத்தாலே சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியில் தங்கியவர்களுக்குச் சமமாகக் குணமாகிறார்கள் என்று நிரூபித்தபோது, வாயால் சொன்னதை மட்டும் நம்பாமல் சிறுநீரையும் சோதித்தார்கள். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். 'ஒழுங்காச் சாப்பிடுறீங்களா' என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்பார்கள். 'போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு, எனக்கே மறந்துபோகுது' என்று கேட்டுப் பாருங்கள். பழைய அட்டையைக் கொண்டுவரச் சொல்லி மிச்சத்தை எண்ணுங்கள்.

பார்த்து எழுத வேண்டியது பாதம். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவருக்குக் காலில் உணர்ச்சி மங்கிவிடும், முள் குத்தினாலும் சூடு பட்டாலும் தெரியாது. 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் செய்வார்கள். அதற்கு முன் நீங்களே, வெறுங்காலோடு ஆத்தங்குடிக் கல்லில் நிற்கும்போது குளிர்ச்சி தெரிகிறதா என்று கேளுங்கள். இது பாடப்புத்தகச் சோதனை இல்லை, என் சொந்தச் சரக்கு, ஆனால் 'அதெல்லாம் தெரிஞ்சு வருஷமாச்சு' என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா. உங்கள் ஊர் வழியாகத்தானே பழனிக்குக் காவடி போகிறது. தைப்பூசம் முடிந்து திரும்பிய சர்க்கரைக்காரர்களின் பாதத்தை ஒரே வாரத்தில் பார்த்து, கொப்புளம், புண் எத்தனை என்று வருடா வருடம் எழுதிவையுங்கள். மூன்று வருடம் எழுதினால் உங்கள் ஊருக்கென்று ஒரு கணக்கு இருக்கும்.

*கவுனி அரிசி சர்க்கரைக்கு நல்லதாமே? (ஒன்பது கடிதங்கள்)*

கறுப்பு நிறத்துக்குக் காரணமான சத்தும் தவிடும் நல்லதுதான், பட்டை தீட்டிய வெள்ளை அரிசியைவிட மேல். ஆனால் அரிசி அரிசிதான். நம் வீடுகளில் அதில் சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்த்துக் கிண்டிவிட்டு 'கவுனிதானே' என்று இரண்டாவது கிண்ணம் போட்டுக்கொள்கிறோம். நான் சொல்லி நம்ப வேண்டாம். சாப்பிடுவதற்கு முன் ஒன்று, முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, குளுக்கோமீட்டரில் பார்த்து, எத்தனை கரண்டி சாப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். இரண்டாவது கிண்ணத்தையும் எண்ணுங்கள்.